ஆட்டுப்பட்டிக்கு உறுதியான வேலி: முதன்முறை போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

மாட்டுக்குப் போட்ட வேலிக்குள் வெள்ளாட்டை விட்டால், பொழுது சாய்வதற்குள் அது வெளியே நின்று மேயும். மாடு வேலியில் ஒருமுறை முட்டிப் பார்க்கும், அசையவில்லை என்றால் திரும்பிவிடும். வெள்ளாட்டின் வழி வேறு. முதலில் தலையை நுழைத்துப் பார்க்கும். பிறகு முன்னங்கால் இரண்டையும் வலையின்மேல் வைத்து எழுந்து நிற்கும். உடம்பு அரித்தால் விலாவை வேலியோடு அழுத்தி, வேலியைத் தாங்கும் இந்தக் காலிலிருந்து (தூணிலிருந்து) அந்தக் கால் வரை தேய்த்துக்கொண்டே நடக்கும். இவ்வளவும் தினமும், ஆண்டு முழுக்க நடக்கும். அந்தத் தேய்ப்பையும் மிதிப்பையும் தாங்குவதுதான் ஆட்டு வேலியின் வேலை.

புதிதாக ஆடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். உயரமும் முக்கியம்தான். ஆனால் ஆடு தாண்டிக் குதித்துப் போவதைவிட, அடியில் புகுந்து போவதும், தளர்ந்த வலையை மிதித்துச் சாய்த்துவிட்டுப் போவதும், சரியாகப் பூட்டாத கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போவதும்தான் அதிகம். அதனால் கையில் காசு குறைவாக இருந்தால், வளைக்கும் இடத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கால், வலையின் அடிப்பகுதி, கதவு இந்த மூன்றில் மட்டும் கைவைக்காதீர்கள். சிறிய பட்டியைப் பிறகு விரிக்கலாம். மூலை சாய்ந்த வேலியை முழுவதும் பிரித்துத்தான் மறுபடி போட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடு வெளியே போகாமல் தடுப்பது பாதி வேலைதான். நாய் உள்ளே வராமல் தடுப்பது மறுபாதி. தப்பிப்போன ஆடு பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். நாய்க்கூட்டம் ஓர் இரவு உள்ளே புகுந்தால் கடிபட்டுச் சாவதோடு, பயத்தில் ஓடி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மூச்சடைத்தும் ஆடுகள் சாகும். சினை ஆடுகள் அதிர்ச்சியில் குட்டியை வீசிவிடுவதும் உண்டு.

முதலில் நிலத்தைச் சுற்றி நடங்கள்

வலை வாங்கக் கிளம்பும் முன் ஒரு முளைக்குச்சிக் கட்டும் நூலும் எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். எல்லை எது என்பதில் சந்தேகம் இருந்தால் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரரை அருகில் வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. தரைக்கடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடப்பாரையைத் தொடுங்கள்.

வளைக்கும் இடத்தின் வடிவம் செலவைப் பெருமளவு மாற்றும். 1 ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதைச் சதுரமாக வளைத்தால் பக்கம் ஏறத்தாழ 209 அடி, சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. அதே 1 ஏக்கரை 100 அடி அகலத்தில் நீளவாக்கில் வளைத்தால் சுற்றளவு 1,071 அடி ஆகிவிடும். ஒரே பரப்புக்கு 236 அடி கூடுதல் வலை, அதற்கேற்ற கூடுதல் கால்கள். நிலத்தின் வடிவத்தை நாம் மாற்ற முடியாது என்றாலும், எந்தப் பகுதியை வளைப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

கோடுகள் நேராக இருக்கட்டும். வளைவில் ஓடும் வலை இழுக்கும்போது உட்பக்கமாக நேராகப் பார்க்கும். கால்களைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வரும். மூலை செங்கோணமாக அமைய, மூலை முளையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியிலும் மறுபக்கம் 4 அடியிலும் அடையாளம் வையுங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் இடையில் சரியாக 5 அடி இருந்தால் அது செங்கோணம். பெரிய பட்டிக்கு 30, 40, 50 அடி என்று பத்து மடங்காக்கி அளந்தால் பிசகு குறையும். கூர்மையான மூலைகளைத் தவிர்ப்பது ஆடுகளுக்கும் நல்லது. மந்தையில் அடாவடியான ஆடு ஒன்று எப்போதும் இருக்கும். அது விரட்டும்போது குறுகிய மூலையில் மாட்டிக்கொள்ளும் ஆடுதான் வேலியை முட்டிக்கொண்டு ஏறப் பார்க்கும்.

வேலிக் கோட்டிலிருந்து உட்புறமாக ஐந்தாறு அடிக்குள் பாறை, மரக்கட்டை, தீவனத் தொட்டி, கொட்டகைச் சுவர் எதுவும் இருக்கக் கூடாது. ஆடு அதன்மேல் ஏறி நின்றால் உங்கள் 4 அடி வேலி அதற்கு 2 அடி வேலிதான். சாய்ந்து வளர்ந்த மரமும் அப்படியே. வேலியோரம் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். அதன் இலை, பூ, காய்ந்த சருகு எல்லாமே ஆட்டுக்கு நஞ்சு, கொஞ்சம் தின்றாலே உயிருக்கு ஆபத்து. ஆமணக்கும் உண்ணிச்செடியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டாம். உயிர்வேலி வைக்க ஆசைப்படுகிறவர்கள் அதைக் கம்பி வலைக்கு வெளியே, ஆட்டின் கழுத்து எட்டாத தூரத்தில் வையுங்கள். உள்ளே வைத்த செடியை ஆடு தின்றுவிடும், மரமானால் பட்டையை உரித்துவிடும்.

எந்த வலை?

வெள்ளாட்டுக்கு 4 அடி உயரம் குறைந்தபட்சம். துள்ளல் அதிகமுள்ள இனங்களுக்கும் கிடாக்களுக்கும் 5 அடி போடுங்கள். செம்மறிக்கு 4 அடியே தாராளம்.

வலையின் கண் அளவுதான் அடுத்த முடிவு. கண் 6 அங்குலம் இருந்தால், கொம்புள்ள ஆட்டுக்கு அதைவிட மோசமான வலை வேறில்லை. ஆட்டின் கொம்பு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் தலை முன்னால் போகும்போது வழுக்கிக்கொண்டு நுழைந்துவிடும். பின்னால் இழுக்கும்போது தூண்டில் முள்ளைப் போலக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். வெயிலில் அப்படி மாட்டிய ஆடு தண்ணீரில்லாமல் வதங்கும், மற்ற ஆடுகள் பின்னாலிருந்து முட்டும், நாய் வந்தால் அதனால் திரும்பக்கூட முடியாது. அதனால் கண் 4 அங்குலத்துக்கு மேல் போகாத வலையை வாங்குங்கள். 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்ற நீள்சதுரக் கண்ணுள்ள வலை கிடைத்தால் அதுவே சிறந்தது. குளம்பு நுழையாது, ஏற முடியாது, பிறந்த குட்டியும் வெளியே போகாது. குட்டியின் தலை நுழையும் எந்தக் கண்ணிலும் உடம்பும் நுழைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை காரணமாகச் சுற்றுவேலி முழுவதும் 4 அங்குலக் கண்ணாகவே போட்டாலும், குட்டி ஈனும் அடைப்பில் மட்டும் கீழ் 2 அடிக்குச் சிறுகண் வலையைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கம்பிகளை முடிச்சிட்டுப் பின்னிய வலையும், பற்றவைத்த வெல்டு மெஷ்ஷும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆடு ஏறி நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். வெல்டு மெஷ்ஷில் ஒவ்வொரு பற்றும் தனித்தனியாக விட்டுப்போகும். ஓரிடத்தில் விட்டால் பக்கத்துப் பற்றின்மேல் பாரம் ஏறும், சில மாதங்களில் பெரிய ஓட்டை விழும். முடிச்சு வலை அழுத்தத்துக்கு நெகிழ்ந்து கொடுத்து மறுபடி நிமிரும். சுற்றுவேலிக்கு முடிச்சு வலை, கொட்டகைக்குள் சிறு தடுப்புகளுக்கு வெல்டு மெஷ் என்பது சரியான பங்கீடு. டைமண்ட் வலை எனப்படும் செயின் லிங்க் வலையும் நல்லதுதான். கொம்பு மாட்டாது, நாய் கடித்து அறுக்காது. ஆனால் அது தானாக விறைத்து நிற்காது. மேலும் கீழும் நடுவிலும் முறுக்கான கம்பி ஓட்டி அதில் கட்டினால்தான் தொய்யாமல் இருக்கும்.

கம்பியின் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறைந்தால் கம்பி தடிமன். பன்னிரண்டரை கேஜ் என்பது ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், 14 கேஜ் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். 14 கேஜுக்கு மெல்லிய வலையைச் சுற்றுவேலிக்கு வாங்க வேண்டாம். துத்தநாகப் பூச்சு கெட்டியாக உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். துரு முதலில் பிடிக்கும் இடம் தரையோடு ஒட்டியிருக்கும் கீழ்க்கம்பி. நாய் தோண்டுவதும் அங்கேதான்.

முள்கம்பியை மட்டும் வைத்து ஆட்டு வேலி போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். ஆட்டின் ரோமமும் தோலும் முள்ளைப் பொருட்படுத்தாமல் நெருக்கிக்கொண்டு போகும். போகிற வழியில் காதும் மடியும் கிழியும். பால் ஆட்டின் மடியில் விழும் கிழிசல் எளிதில் ஆறாது. வலைக்கு மேலே, நாய் ஏறி வராமல் இருக்க ஓர் இழை முள்கம்பி ஓட்டுவது வேறு விஷயம், அது பரவாயில்லை.

கால்கள்: வேலியின் உயிர் மூலையில்

இடைக்கால்கள் வலையை நிமிர்த்திப் பிடித்திருந்தால் போதும். இழுவிசை முழுவதையும் தாங்குவது மூலைக்கால்களும் கதவுக்கால்களும்தான். இழுத்துக் கட்டிய வலை இரவும் பகலும் மூலைக்காலை உட்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். மழையில் மண் இளகும்போது கால் ஓர் அங்குலம் சாய்ந்தால் போதும், அந்தப் பக்கத்து வலை முழுவதும் தொய்ந்துவிடும். தொய்ந்த வலையில்தான் ஆடு கால் வைத்து நிற்கக் கற்றுக்கொள்கிறது.

காலின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. 4 அடி வலைக்கு இடைக்கால் 7 அடி இருந்தால், இரண்டரை அடிக்குக் குறையாமல் மண்ணில் போய், வலைக்கு மேலும் சிறிது மிச்சம் நிற்கும். மூலைக்கால் 8 அடி நீளமும் நல்ல பருமனும் உள்ளதாக இருக்கட்டும், அதில் மூன்றரை அடி மண்ணுக்குள். இடைக்கால்களுக்கு நடுவே 8 முதல் 10 அடி இடைவெளி விடுங்கள். செலவைக் குறைக்க 15 அடி விட்டால் நடுவில் வலை அலைபாயும். கல்கால், சிமென்ட் கால், ஆங்கிள் இரும்பு, உறுதியான மரக்கால் எதுவும் ஆகும். மரமாக இருந்தால் குழியின் அடியில் ஒரு கை சரளை போட்டு நீர் வடிய வழி செய்யுங்கள். பழைய வண்ணம் பூசிய கட்டைகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஆடு எதையும் கொறிக்கும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்.

மூலையைக் கட்டும் முறை இது. மூலைக்காலை நட்ட பிறகு, வேலிக் கோட்டிலேயே 8 அடி தள்ளி அதே பருமனில் இன்னொரு கால் நடுங்கள். இரண்டையும் மேல் முனைக்கு அரை அடி கீழே ஒரு குறுக்குக்கட்டையால் இணையுங்கள். இப்போது ஒரு கம்பியை, இரண்டாவது காலின் மேல்பகுதியிலிருந்து மூலைக்காலின் அடிப்பகுதிக்குச் சாய்வாக இரட்டையாகச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி விறைப்பாகும் வரை முறுக்குங்கள். திசையைக் கவனியுங்கள்: கம்பி மூலைக்காலின் அடியைப் பிடிக்க வேண்டும், தலையை அல்ல. வலை மூலைக்காலின் தலையை இழுக்கும்போது குறுக்குக்கட்டை அந்த விசையை இரண்டாவது காலுக்குத் தள்ளுகிறது. சாய்வுக் கம்பி அந்தக் காலை மூலையின் அடியோடு கட்டிப்போடுகிறது. கம்பியை எதிர்ச்சாய்வில் கட்டினால் அது ஒன்றையும் பிடிக்காமல் சும்மா தொங்கும். மூலையிலிருந்து இரண்டு திசையில் வேலி போவதால் இரண்டு திசைக்கும் இப்படிச் செய்ய வேண்டும். ஆக ஒரு மூலைக்கு மூன்று கால்கள். கதவின் இருபுறமும் இதே அமைப்பு வேண்டும்.

கல்காலிலும் சிமென்ட் காலிலும் குறுக்குக்கட்டை பொருத்துவது சிரமம் என்பதால் சாய்கால் கொடுப்பது வழக்கம். அந்தச் சாய்கால் வேலிக் கோட்டிலேயே, வலைக்கு வெளிப்புறத்தில் அமையட்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே சாய்காலைப் பட்டிக்கு உள்ளே குறுக்காக ஊன்றுவது பல இடங்களில் காணும் பிழை. ஆடு அதில் ஏணி ஏறுவதுபோல நடந்து மேலே போய் வெளியே குதித்துவிடும்.

குழியை அகலமாகத் தோண்டாமல் காலைவிடச் சற்றே பெரிதாக, செங்குத்தாகத் தோண்டுங்கள். தூக்குக்குண்டு வைத்து நேர் பார்த்து நிறுத்தி, மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையாலோ கடப்பாரையின் மொட்டை முனையாலோ நன்றாக இடித்து இறுக்குங்கள். குழி நிறைய மண்ணைத் தள்ளிவிட்டு மேலே மட்டும் மிதிப்பது பலனளிக்காது. மூலைக்காலுக்குக் கான்கிரீட் போட்டால் ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் ஆறவிட்டு, அதன் பிறகே வலையை இழுங்கள். இந்தக் காத்திருப்புக்குப் பொறுமை இல்லாமல் மறுநாளே இழுத்துக் கட்டிய வேலிகள் முதல் மழையிலேயே சாய்ந்துவிடுகின்றன.

வலையை இழுத்துக் கட்டுதல்

வலை கால்களுக்கு உட்புறம், அதாவது ஆடு இருக்கும் பக்கம் வர வேண்டும். ஆடு சாயும்போது வலை காலோடு அழுந்தும். வெளிப்புறம் கட்டினால் ஆட்டின் பாரம் முழுவதும் கட்டுக்கம்பியின்மேல் விழும், ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வலைச் சுருளை வேலிக் கோடு நெடுகத் தரையில் விரித்து, ஒரு முனையை மூலைக்காலில் பிணையுங்கள். முனையில் ஓர் அடி நீளத்துக்குக் குறுக்குக் கம்பிகளை எடுத்துவிட்டால் நெடுக்கம்பிகள் தனித்தனியாகக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் காலைச் சுற்றிக் கொண்டுவந்து அதன்மேலேயே நான்கைந்து சுற்று சுற்றிவிடுங்கள். மறுமுனையில் வலையின் முழு உயரத்துக்கும் இரண்டு பலகைகளை இருபுறமும் வைத்து போல்ட்டால் நெருக்கி, அந்தப் பலகைச் சட்டத்தைச் செயின் புல்லியால் சிறிது சிறிதாக இழுங்கள். ஒரே இடத்தில் கொக்கி போட்டு இழுத்தால் நடுவில் இறுக்கமும் கீழே தொய்வும் வரும். டிராக்டரிலோ ஜீப்பிலோ கட்டி இழுக்கவே கூடாது. எவ்வளவு இழுபட்டது என்பது தெரியாது, அறுந்த கம்பி ஆளை வெட்டிவிடும்.

எவ்வளவு இழுப்பது? முடிச்சு வலையின் நெடுக்கம்பிகளில் சிறு சிறு அலை வளைவுகள் இருக்கும். வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த வளைவுகள். வளைவு பாதியளவு நிமிரும் வரை இழுத்து நிறுத்துங்கள். முழுவதும் நிமிர்த்திவிட்டால் வலைக்கு நெகிழ்வு போய்விடும். மூலையில் வலையை மடக்கி அடுத்த பக்கத்துக்குத் தொடராமல், வெட்டிப் பிணைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். பின்னால் ஒரு பக்கம் பழுதானாலும் மற்றப் பக்கங்கள் தளராது.

இழுத்து முடித்த பிறகுதான் இடைக்கால்களில் கட்ட வேண்டும். மரக்காலில் ‘யு’ ஆணியை முழுவதும் அடித்து இறுக்காமல், கம்பி முன்பின் நகர ஒரு நூலளவு விடுங்கள். ஆணியின் இரண்டு காலும் மரத்தின் ஒரே நாரில் இறங்கினால் மரம் பிளக்கும் என்பதால் சற்றுச் சாய்த்து அடியுங்கள். கல்காலிலும் சிமென்ட் காலிலும் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கும்போது முறுக்கின் கூர்முனை வெளிப்புறம் வரட்டும். ஆடு தேய்த்துக்கொள்ளும் பக்கத்தில் ஒரு கம்பி முனைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் உட்புறம் நெடுகக் கையுறை போட்ட கையால் தடவிக்கொண்டே நடந்தால் தெரிந்துவிடும்.

அடிப்பகுதி

வலையின் கீழ்க்கம்பி தரையைத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும். நிலம் சமமாக இருக்காது. பள்ளம் வரும் இடத்தில் வலை தூக்கிக்கொண்டு நிற்கும். சிறு பள்ளமானால் மண்ணும் கல்லும் போட்டு மேடாக்குங்கள். ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் 2 அடி இரும்புக் கம்பியை முனை வளைத்து, கீழ்க்கம்பியைக் கவ்வும்படி தரையில் அறைந்துவிட்டால் ஆடு மூக்கால் தூக்கிப் பார்க்க முடியாது.

நாய் தோண்டுவதைத் தடுக்க வலையை மண்ணுக்குள் புதைப்பது ஒரு வழி. ஆனால் புதைத்த கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், தோண்டும் வேலையும் அதிகம். எனக்குப் பிடித்தது பாவாடை முறை. ஒன்றரை முதல் 2 அடி அகல வலைத் துண்டை வேலியின் அடியோடு கட்டி, வெளிப்புறமாகத் தரையில் படுக்கவைத்து முளையாணி அடித்து, மேலே கல்லை வரிசையாக வையுங்கள். புல் வளர்ந்து அதைத் தரையோடு பிணைத்துவிடும். நாய் வேலியின் அடியில்தான் தோண்ட முயலும். அங்கே வலை தடுக்கும்போது, 2 அடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. சிறுத்தைபோல ஏறி வரும் விலங்குகள் உள்ள இடமானால் எந்த வேலியையும் இரவுக்கு நம்ப வேண்டாம். கூரையும் நான்கு பக்கச் சுவரும் தாழ்ப்பாளும் உள்ள கொட்டகையில் இருட்டும் முன் ஆடுகளை அடைத்துவிடுங்கள்.

வாய்க்கால் அல்லது மழைநீர் ஓடும் தடம் குறுக்கே வந்தால், அந்த இடத்தில் வேலி வலையை அப்படியே தண்ணீருக்குள் இறக்காதீர்கள். சருகும் குப்பையும் அடைத்து, வெள்ளம் வேலியையே பிடுங்கிக்கொண்டு போகும். வலையைத் தடத்துக்கு மேலே நிறுத்தி, கீழே தனியாக ஒரு கம்பிச் சட்டத்தைக் கீல் வைத்துத் தொங்கவிடுங்கள். தண்ணீர் வந்தால் தள்ளித் திறக்கும், வடிந்தால் தானாக மூடிக்கொள்ளும்.

கதவு

கதவு உட்பக்கமாகத் திறக்கட்டும். ஆடுகள் கூட்டமாக வந்து முட்டும்போது அது மூடத்தான் செய்யும், திறக்காது. தீவன வாளியோடு உள்ளே நுழைகையிலும் கதவாலேயே ஆடுகளை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம். ஆள் போக 4 அடி அகலம் போதும். வண்டி போக வேண்டுமென்றால் 12 அடி. இரண்டும் தேவைப்பட்டால் தனித்தனியாக வையுங்கள். தினமும் நான்கு முறை 12 அடிக் கதவைத் திறப்பவர் ஒருநாள் அதைச் சரியாகச் சாத்தாமல் போய்விடுவார்.

கீலைப் பொருத்தும்போது கீழ்க்கொக்கியை மேல்நோக்கியும் மேல்கொக்கியைக் கீழ்நோக்கியும் வையுங்கள். இரண்டும் மேல்நோக்கி இருந்தால் ஆடு கொம்பைக் கொடுத்துக் கதவையே தூக்கிக் கழற்றிவிடும். தாழ்ப்பாள் வெளிப்புறத்தில், ஆட்டின் வாய் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வெள்ளாட்டின் உதடு மிக நுட்பமானது. சாதாரண நகர்த்துத் தாழைச் சில நாள் நக்கி, கவ்வி, இழுத்துப் பழகித் திறந்துவிடும். தாழோடு ஒரு சங்கிலியும் ஸ்பிரிங் கொக்கியும் சேர்த்துப் போட்டால் கவலையில்லை.

கதவின் அடியில் 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. நடந்து நடந்து மண் தேய்ந்து பள்ளமாவது கதவடியில்தான், அதனால் அங்கே ஒரு கல்லையோ சிமென்ட் படியையோ பதித்துவிடுங்கள். குழாய்க் கதவானால் குழாய்களுக்கு இடையே குட்டி புகும்; முழுக்கதவுக்கும் வலை அடியுங்கள். கதவுக்கும் காலுக்கும் நடுவிலோ, இரட்டைக் கதவின் இரு இறக்கைகளுக்கு நடுவிலோ கீழ்நோக்கிக் குறுகும் சந்து இருக்கிறதா பாருங்கள். ஆடு எழுந்து நின்று முன்னங்காலை அதில் வைத்தால் கால் வழுக்கிக் கீழே இறங்கி மாட்டிக்கொள்ளும்; பதறி இழுத்தால் எலும்பு முறியும். இடம் இருந்தால், கதவுக்கு முன்னால் ஆறடிச் சதுரத்தில் ஒரு சிறு அடைப்பும் இரண்டாவது கதவும் வையுங்கள். ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறக்கும் பழக்கம் வந்துவிட்டால், காலுக்கிடையில் நழுவும் குட்டியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

மின்வேலி சேர்ப்பதானால்

வலையில் சாயும் பழக்கத்தை நிறுத்த, உட்புறம் ஆட்டின் மார்பு உயரத்தில் வேலிக்காலிலிருந்து சில அங்குலம் தள்ளி ஒரே ஒரு மின்கம்பி ஓட்டினால் போதும். வேலியின் ஆயுள் கூடும். மின்கம்பிகளை மட்டும் கொண்டு வேலி போடுவதானால் குறைந்தது ஐந்தாறு இழை வேண்டும், கீழ்இழை தரையிலிருந்து 6 முதல் 8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், கம்பியில் எப்போதும் 4,000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். மனிதர், ஆடு, நாய் என்று பார்க்காது. இதற்கென உள்ள எனர்ஜைசர் கருவி, நொடிக்கு ஒருமுறை அளவில் மிகக் குறுகிய துடிப்பை மட்டுமே அனுப்பும்; வலிக்கும், தொட்டவர் கையை எடுத்துக்கொள்ள நேரமும் கிடைக்கும். அந்தக் கருவியை மட்டும் பயன்படுத்துங்கள், உங்கள் பகுதியின் விதிகளைக் கேட்டுச் செய்யுங்கள், எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். முள்கம்பியில் மின்சாரம் கொடுக்கவே கூடாது. சிக்கிக்கொண்டவர் விடுபட முடியாது. மின்வேலி வேலை செய்யவில்லை என்பவர்களின் இடத்தில் பெரும்பாலும் குறை எர்த்தில்தான் இருக்கும். 6 அடி எர்த் கம்பிகள் மூன்றை 10 அடி இடைவெளியில் ஈரமான மண்ணில் இறக்குங்கள். கம்பியைத் தொடும் புல்லை அவ்வப்போது வெட்டுங்கள், புல் வழியாக மின்னோட்டம் தரையில் இறங்கிவிடும்.

ஆடுகளை உள்ளே விடும் முன்

முழங்காலிட்டு, ஒரு குட்டியின் கண் உயரத்தில் வேலியை ஒருமுறை பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத இடைவெளிகள் அங்கிருந்து பளிச்சென்று தெரியும். வலையின் கண்ணைத் தவிர, உங்கள் முஷ்டி எளிதாக நுழையும் இடைவெளி எதுவானாலும் அதை அடைத்துவிடுங்கள்.

புதிய ஆடுகளைச் சில நாட்கள் கொட்டகையோடு சேர்ந்த சிறு அடைப்பில் வைத்துப் பழக்கிவிட்டுப் பட்டிக்குள் விடுங்கள். காலையில் தீவனம் கொடுத்து வயிறு நிறைந்த பிறகு, வெளிச்சத்தில் விட்டு, கூடவே இருங்கள். பெரும்பாலும் முதல் வேலையாக மந்தை வேலியோரமாக ஒரு சுற்று வரும். எங்கே நின்று மோப்பம் பிடிக்கிறது, எங்கே கால் வைக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் உங்கள் வேலியின் பலவீனமான இடங்கள் தெரிந்துவிடும். ஒற்றை ஆடு வளர்க்காதீர்கள்; துணையில்லாத ஆடு கத்திக்கொண்டே வேலியைச் சோதித்துக்கொண்டிருக்கும். பசி, தாகம், நிழலின்மை இவையும் அப்படித்தான். கிடாவைப் பெட்டைகளின் பட்டியை ஒட்டி ஒரே வலைக்கு அப்பால் அடைத்தால், பருவத்தில் அந்த வலை நிற்காது. வலை வழியாகவே சினைப்படுவதும் உண்டு. இரண்டு வேலிகளுக்கு நடுவே ஆள் நடக்கும் அகலத்தில் சந்து விடுங்கள். கழுத்துப்பட்டை, கயிறு எதுவும் கட்டிய நிலையில் ஆட்டைக் கவனிப்பார் இல்லாமல் பட்டியில் விட வேண்டாம், வலையில் மாட்டிக் கழுத்து இறுகிவிடும்.

வாரம் ஒருமுறை குறடும் கட்டுக்கம்பியும் கையில் எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி நடங்கள். பலத்த மழைக்கும் காற்றுக்கும் மறுநாள் காலை கட்டாயம் நடக்க வேண்டும். அடிமண் அரித்த இடம், முறிந்து சாய்ந்த கிளை, பிய்ந்த ஆணி, தொய்ந்த கண்ணி இவற்றைக் கண்ட அன்றே சரிசெய்யுங்கள். ஓர் ஆடு கண்டுபிடித்த வழியை மந்தை முழுவதும் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஓர் ஆடு தலையை மாட்டிக்கொள்ளலாம். அப்போது பின்னாலிருந்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க அது எதிர்த்துத் தள்ளும், கொம்பின் அடி விரிசல் விடும். உடம்பைக் காலிடையில் அணைத்து நிறுத்தி, தலையை முதலில் சிறிது முன்னுக்குத் தள்ளி, பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கொம்பை மட்டும் கம்பிக்கு அடியில் வழுக்கிக் கொண்டுவாருங்கள். அது வந்ததும் மறுகொம்பு தானாக வரும். வரவில்லை என்றால் தயங்காமல் கம்பியை வெட்டுங்கள். வலையைப் பிறகு முடிந்துகொள்ளலாம். மறுபடி மறுபடி மாட்டிக்கொள்ளும் ஆடாக இருந்தால், வலைக் கண்ணைவிட நீளமான ஓர் இலேசான பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கொம்புகளுக்குக் குறுக்காக வைத்து டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். மேய, தண்ணீர் குடிக்க அது தடையாக இருக்காது. வலைக்குள் தலை போகாது. கொம்பு நன்றாக வளர்ந்து விரிந்த பிறகு குழாயைக் கழற்றிவிடலாம், டேப் கொம்பை இறுக்குகிறதா என்று இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள்.